மணல் நகர்ந்தால் காசும் நகரும்: கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் பழகுபவர்களுக்கு

அலை வந்து போகும் இடத்தில் வெறுங்காலோடு நின்றிருப்பீர்கள். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் சரசரவென்று பறிபோகும். நாலைந்து அலை போனதும் குனிந்து பார்த்தால் பாதம் முழுக்கப் புதைந்திருக்கும். நாம் காலை அழுத்தவில்லை, அசையக்கூட இல்லை. காலைச் சுற்றி ஓடிய நீர் மணலை அரித்துப் பள்ளமாக்கியது. அந்தப் பள்ளத்துக்குள் கால் இறங்கியது. அடுத்த அலை கொண்டுவந்த மணல் மேலே மூடிக்கொண்டது.

விரலிலிருந்து நழுவிய மோதிரத்துக்கும் பையிலிருந்து விழுந்த காசுக்கும் இதேதான் நடக்கிறது. நம்மால் காலை உருவிக்கொள்ள முடியும். காசால் முடியாது.

டிடெக்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்பது, "இது எத்தனை ஆழம் பார்க்கும்?" என்றுதான். பெரும்பாலான கருவிகள் ஒரு காசை 20, 25 சென்டிமீட்டர் ஆழம் வரை நம்பகமாகக் காட்டும். நிலமும் கருவியும் நன்றாக அமைந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் ஒரு புயல், ஒரே இரவில் ஒரு மீட்டர் உயர மணலைக் கரையிலிருந்து வழித்தெடுத்துவிடும். அமைதியான சில மாதங்களில் அதே மணல் திரும்பி வந்து ஏறிவிடும். இந்த இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருவியின் ஆழத்தைப் போல நான்கு மடங்கு, ஐந்து மடங்கு மணல் சும்மா வந்து போய்க்கொண்டிருக்கிறது. அதனால் கடற்கரைக்குப் போனதும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த இடத்தில் இப்போது மணல் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா?

மணல் வருவதும் போவதும்

அமைதியான நாளில் அலைகள் தாழ்வாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நல்ல இடைவெளி விட்டு வரும். பொதுவாகப் பத்து விநாடி, அதற்கு மேலும். அப்படி வரும் அலை மணலைச் சுமந்துகொண்டு கரையேறும். ஏறிய நீரில் ஒரு பகுதி மணலுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். திரும்பிப் போகும் நீருக்கு வலு குறைவு. கொண்டுவந்த மணலில் கொஞ்சத்தை விட்டுவிட்டுப் போகும். இப்படியே நாள்கணக்கில் சேர்ந்து கரையில் ஒரு மேடு உருவாகும். அலை குவித்த இந்த மணல்மேட்டுக்குப் பழந்தமிழில் 'எக்கர்' என்றே தனிப் பெயர் இருக்கிறது.

காற்று கடுமையாகிக் கடல் கொந்தளிக்கும்போது எல்லாம் தலைகீழ். அலைகள் செங்குத்தாக, ஐந்தாறு விநாடிக்கு ஒன்றாக வந்து மோதும். மணல் ஏற்கெனவே நீரில் ஊறி நிறைந்திருப்பதால் உறிஞ்ச இடமில்லை. வந்த நீர் மொத்தமும் மணலை வாரிக்கொண்டு திரும்பும். அந்த மணல் எங்கோ காணாமல் போய்விடுவதில்லை. கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் ஒரு திட்டாகப் படிந்து காத்திருக்கும். கடல் அமைதியானதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திரும்பும். பல கடற்கரைகள் ஆண்டின் ஒரு பாதியில் அகன்றும் மறுபாதியில் ஒடுங்கியும் தெரிவது இதனால்தான்.

மணல் திரும்பப் பல ஆண்டுகள் ஆவதும் உண்டு. அயர்லாந்தின் அக்கில் தீவில் டூவா என்ற ஊரின் கடற்கரை மணலை 1984-ல் புயல்கள் அடித்துக்கொண்டு போய்விட்டன. வெறும் பாறையாகக் கிடந்த அந்த இடத்தில் 33 ஆண்டுகள் கழித்து, 2017-ல், கடல் தானே மணலைக் கொண்டுவந்து கொட்டியது.

இன்னொரு நகர்வு பக்கவாட்டில் நடக்கிறது. அலை பெரும்பாலும் கரையை நேராக மோதாது, சாய்வாகத்தான் மோதும். ஏறும்போது சாய்வாக ஏறி, இறங்கும்போது சரிவின் போக்கில் நேராக இறங்கும். மணல்துகள் இப்படி வளைந்து வளைந்து கரையோரமாகவே பயணம் போகும். கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்தடுப்பு எதையாவது கவனியுங்கள். ஒரு பக்கம் மணல் மேடாகச் சேர்ந்திருக்கும், மறுபக்கம் குழிந்திருக்கும். புதியவர்கள் நேரே மேட்டுப் பக்கம் நடப்பார்கள், நடக்க வசதி என்பதால். தேடுவதற்கு நல்லது குழிந்த பக்கம்.

உலர்மணலில் வேலை செய்வது காற்று. மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகம் எட்டினாலே உலர்ந்த மணல் தரையோடு தரையாக ஓடத் தொடங்கும். பல நாள் வீசிய காற்றுக்குப் பிறகு சிப்பியும் சிறு கல்லும் மட்டும் பரப்பின் மேல் எஞ்சி நின்றால், அங்கே மணல் பறந்து தரை தாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

காசு ஏறுவதில்லை, இறங்கிக்கொண்டே போகிறது

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

காசு மணலுக்குள் மூழ்கும் என்று சொல்வது வழக்கம். கல் தண்ணீரில் மூழ்குவதுபோல அது தொடர்ந்து மூழ்கிக்கொண்டே இருப்பதில்லை. அசையாத மணலில் காசும் அசையாது. மணல் அசையும்போதுதான் அது இறங்கும். அலை காசைச் சுற்றி மணலை அரிக்கிறது. காசு அந்தக் குழியில் சரிகிறது. மேலே மணல் மூடியதும் அரிப்பு நின்று காசு அங்கேயே தங்குகிறது. பிறகு ஒரு நாள் பெரிய அலைகள் வந்து மணல்பரப்பு அதைவிடக் கீழே இறங்கினால் காசு மறுபடி வெளிப்பட்டு, மறுபடி அரிபட்டு, இன்னும் கீழே போகிறது. மணல் திரும்பி வரும்போது லேசான துகள்கள்தான் வரும். காசு கீழேயே கிடக்கும்.

ஆக, ஒரு பொருள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது அது விழுந்து எத்தனை ஆண்டாயிற்று என்பதைவிட, விழுந்த பிறகு அந்த இடத்து மணல் எவ்வளவு தாழ்வு வரை போய்வந்தது என்பதைப் பொறுத்தது. போன மாதம் விழுந்த மோதிரம் ஒரு புயலில் ஒரு மீட்டர் கீழே போயிருக்கலாம். அதன் மேல் இப்போது ஒரு மீட்டர் புதுமணல். நீங்கள் அந்தப் புதுமணல் மேல் டிடெக்டரை வீசிக்கொண்டு நாள் முழுக்க நடந்தாலும் சத்தம் வராது. கருவியில் குறை எதுவும் இல்லை. கருவிக்கு எட்டும் ஆழத்தில் எதுவுமே இல்லை.

பெரிய அலையின் அழுத்தத்தில் நீர் நிறைந்த மணல் சில நொடிகள் குழம்புபோல் இளகுவதும் உண்டு. ஒரு வாளியில் மணலைப் போட்டு அது முழுக்க ஊறும்வரை நீர் ஊற்றுங்கள். மேலே ஒரு காசை வைத்துவிட்டு வாளியின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருங்கள். நீர் மேலே கசியும், மணல் தளதளக்கும், காசு அமிழும். தட்டுவதை நிறுத்தினால் மணல் இறுகிக் காசைப் பிடித்துக்கொள்ளும்.

இறங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. களிமண், சரளை, சிப்பிப் படுகை, பாறை என்று ஏதாவது ஒரு கெட்டியான அடித்தளம் வரும். எல்லாம் அங்கே வந்து நின்றுவிடும். அதனால்தான் மணல் முழுக்க அரிக்கப்பட்ட இடத்தில் நூறு ஆண்டுப் பழைய காசும் போன ஆண்டுக் காசும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன.

சரி, எது எவ்வளவு வேகமாக இறங்கும்? அடர்த்தி சொல்லும். கடற்கரை மணலில் பெரும்பங்கு வகிக்கும் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. அதாவது ஒரு கன சென்டிமீட்டர் 2.65 கிராம். அலுமினியம் 2.7, இரும்பு 7.9, செம்பு 9 அளவில், வெள்ளி 10.5, ஈயம் 11.3, சுத்தத் தங்கம் 19.3. நகைத் தங்கம் கலப்பைப் பொறுத்து, 14 காரட்டிலிருந்து 22 காரட் வரை சுமார் 13 முதல் 18. இவற்றைக் காற்றில் ஒப்பிட்டால் போதாது, ஏனென்றால் மணலைப் பிரிப்பது நீர்தான். நீருக்குள் ஒவ்வொன்றும் தன் கன அளவு நீரின் எடையை இழக்கும். எல்லாவற்றிலும் ஒன்றைக் கழியுங்கள். மணல் 1.65, தங்கம் 18.3. காற்றில் மணலைப்போல் ஏழு மடங்காக இருந்த தங்கம் நீரில் பதினொரு மடங்காகிவிடுகிறது.

இப்போது அலுமினியத்தைப் பாருங்கள். மணல் 1.65, அலுமினியம் 1.7. கிட்டத்தட்ட ஒன்றேதான். பான டப்பாவின் வளையம், மிட்டாய் சுற்றிய தாள் எல்லாம் மணலோடு மணலாக வரும், மணலோடு போகும். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகப் பிடித்த செய்தி இது. குப்பை என்று எரிச்சலோடு தூக்கிப் போடும் அலுமினியத் துண்டு, "இது கடல் புதிதாகக் கொண்டுவந்து கொட்டிய மணல்" என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரமாக அலுமினியம் மட்டுமே வந்தால் இடம் மாறுங்கள். மாறாக, தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று கிடைத்தால் நின்றுவிடுங்கள். ஈயம் தங்கிய இடத்தில் தங்கமும் வெள்ளியும் தங்கியிருக்க வாய்ப்புண்டு. அலைக்கு நகையும் ஈயமும் ஒன்றுதான், எடையும் வடிவமும் மட்டுமே கணக்கு.

வடிவத்தையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தட்டையான மெல்லிய காசை நீர் எளிதாகப் புரட்டித் தள்ளும். அதே எடையுள்ள தடித்த மோதிரம் அவ்வளவு எளிதில் நகராது. அதனால் காசுகள் ஒரு கோட்டிலும் மோதிரங்கள் அதற்குச் சற்றுத் தாழ்வான இன்னொரு கோட்டிலும் சேர்ந்திருப்பதை அனுபவசாலிகள் கண்டிருக்கிறார்கள். இந்தக் கோடுகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடும், ஒரே மட்டத்தில் அலையின் வலு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால். இரண்டு காசு கிடைத்ததும் அவை இருந்த திசையை மனதில் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போங்கள்.

கனமான பொருள் கரையேறவே ஏறாது என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். 1715 ஜூலை 31 அன்று ஸ்பெயினின் செல்வத்தைச் சுமந்து வந்த கப்பல் கூட்டம் ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையருகே சூறாவளியில் சிக்கியது. 11 கப்பல்கள் அழிந்தன. அந்தக் காசுகள் இன்றும் பெரும்புயல்களுக்குப் பிறகு அங்கே கரையில் கிடைக்கின்றன. அந்தக் கரையோரத்துக்கு 'ட்ரெஷர் கோஸ்ட்', அதாவது புதையல் கரை, என்று பெயர் வந்ததே அதனால்தான். சில காசுகளைப் புயல் அலை கடலடியிலிருந்து தூக்கி எறிகிறது. சிலவற்றை முன்பு எப்போதோ கரையேற்றி மணற்குன்றில் புதைத்திருந்தது. குன்று அரிபடும்போது அவை சரிந்து கீழே விழுகின்றன.

நடந்து பார்த்தே தெரிந்துகொள்வது

கருவியை இயக்குவதற்கு முன் கடற்கரையின் நீளத்துக்கு ஒரு நடை நடந்துவிடுங்கள். கால் சொல்லும் முதல் சேதியைக் கேளுங்கள். பாதம் பொசுக்கென்று அமிழ்ந்தால் அது புதுமணல், இன்னும் இறுகவில்லை. தரை கெட்டியாக, நடந்தால் தடம்கூடச் சரியாகப் பதியாமல் இருந்தால் மேல்மணல் போய்ப் பழைய அடுக்கு வெளிவந்திருக்கிறது.

அடுத்தது கண். சிப்பித் தூள், கூழாங்கல், கருமணல் கோடுகள் தெரிகின்றனவா? கருமணலில் இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவின் அடர்த்தி 5.2. லேசான வெண்மணலை நீர் அடித்துப் போன பிறகு அது எஞ்சி நிற்கிறது. அங்கே கடல் உங்களுக்காகச் சலித்து வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கத்தியால் அரிந்ததுபோல் மணலில் செங்குத்தான வெட்டு தெரிந்தால் அதுதான் அன்றைய முக்கியமான இடம். முழங்கால் உயரத்திலிருந்து ஆள் உயரம் வரை இருக்கும். வெட்டின் மேலே நின்று தேடுபவர்கள் உண்டு. அது வீண், மேலே இருப்பது பழைய உயரம் அப்படியேதான். வெட்டின் அடியில் தொடங்கி நீரை நோக்கி இறங்கும் சரிவில் தேடுங்கள். எவ்வளவு மணல் உங்களுக்காக அகற்றப்பட்டிருக்கிறது என்பதை வெட்டின் உயரமே காட்டும்.

நீர் வற்றும் நேரத்தில் கரைக்கு இணையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும் நீண்ட பள்ளங்களையும் விடாதீர்கள். குளிப்பவர்கள் இடுப்பளவு நீரில் நிற்கும் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவுவதும் இங்கேதான். கரை ஓரம் பிறைபிறையாக வளைந்திருந்தால், வளைவுக்குள் மணல் நுண்மையாகவும் துருத்திய முனைகளில் சரளையாகவும் இருக்கும். எது நல்லது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. இரண்டிலும் பத்து நிமிடம் தேடிப் பார்த்து, கிடைக்கும் முதல் சில பொருள்களை வைத்து முடிவு செய்வதே சரி என்பது என் எண்ணம்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான ஒரு வழி இருக்கிறது. அசையாத ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டு, தடுப்புச்சுவர், கம்பம், பெரிய பாறை, எதுவானாலும் சரி. ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள், எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணுங்கள். போன முறை நான்கு, இந்த முறை ஏழு என்றால் மூன்று படி உயரத்துக்கு மணல் போயிருக்கிறது. ஆறு மாதப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது அந்தக் கடற்கரையின் மூச்சு உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

எப்போது போவது

பெரும்பாலான கரைகளில் சுமார் 24 மணி 50 நிமிடத்துக்குள் கடல் இருமுறை ஏறி இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். மற்ற நாளில் நீருக்கடியில் இருக்கும் மணல் அப்போது வெளிப்படும். நீர் மிகவும் தாழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், இறங்கும் நீரைப் பின்தொடர்ந்து தேடிக்கொண்டே போகலாம். நீர் திரும்பும்போது நீங்களும் திரும்பலாம். கொந்தளிப்பும் இந்த உயர்ந்த ஏற்றமும் ஒரே நாளில் சேர்ந்தால் அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும், மணற்குன்றின் அடிவரை அலை எட்டிவிடும்.

புயல் ஓய்ந்த பின் தாமதிக்கக் கூடாது. கரை பழைய நிலைக்கு வர வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு வேண்டிய அந்த 25 சென்டிமீட்டர், ஒன்றிரண்டு ஏற்றங்களிலேயே மூடிவிடக்கூடும். இங்கிலாந்தின் ஹேப்பிஸ்பர்க் கடற்கரையில் 2013 மே மாதம் அலைகள் மணலை அகற்றியதில் 8 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட மனிதக் கால்தடங்கள் வெளிப்பட்டன. இரண்டு வாரத்துக்குள் கடல் அவற்றை அழித்துவிட்டது. ஆய்வாளர்கள் உடனே படமெடுத்துப் பதிவு செய்ததால்தான் அவை இன்று நமக்குத் தெரிகின்றன. பழமையானது என்று தோன்றும் எதையும் நீங்கள் பார்த்தால், தோண்டாமல் இடத்தைக் குறித்துப் படமெடுத்து உரியவர்களிடம் சொல்லுங்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எங்கே தேட அனுமதி வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதைப் போவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

தரை மாறினால் கருவியும் மாறும்

நேற்று அமைதியாக இருந்த டிடெக்டர் இன்று அதே இடத்தில் கத்துகிறதே என்று பயப்பட வேண்டாம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமணலைக் கருவி ஓர் உலோகம்போலவே உணரும். அரிப்பில் கருமணல் அடுக்கு வெளிப்பட்டால் அதுவும் சேர்ந்து குழப்பும். தேடுவதற்கு நல்ல இடமே கருவிக்குக் கஷ்டமான இடமாகவும் இருப்பது இதனால்தான். ஒரே அலைவரிசையில் இயங்கும் கருவிகள் இங்கே திணறும். பல அலைவரிசைகளை ஒருசேர அனுப்பும் கருவிகள் ஈரமணலை நன்றாகச் சமாளிக்கும். பல்ஸ் இன்டக்‌ஷன் வகைக் கருவிகள் (விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்புபவை) உப்பையும் கருமணலையும் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆனால் இரும்பை மற்ற உலோகங்களிலிருந்து பிரித்துச் சொல்வதில் அவை பலவீனமானவை. ஆணிக்கும் சேர்த்துத் தோண்டவேண்டியிருக்கும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் உலர்மணலிலிருந்து ஈரமணலுக்கு இறங்கியதும் கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது தரையின் தன்மைக்கேற்பக் கருவியைப் பொருத்தும் அமைப்பை, மறுபடி சரிசெய்யுங்கள். இரைச்சல் நிற்கவில்லை என்றால் சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) குறையுங்கள். கொஞ்சம் ஆழம் குறையும், பரவாயில்லை. ஓயாத இரைச்சலுக்கு நடுவே மெல்லிய நல்ல சத்தம் ஒன்று வந்தாலும் காதில் விழாது. வெட்டின் விளிம்பிலும் பள்ளத்தின் ஓரத்திலும், கருவியின் நுனியிலுள்ள தட்டு வடிவச் சுருளான 'காயில்' தரையிலிருந்து விலகி விலகி நெருங்குவதால் பொய்ச் சத்தம் வரும். சரிவுக்கு ஏற்ப மணிக்கட்டைச் சாய்த்து, காயிலைத் தரைக்கு இணையாகவே பிடியுங்கள். காயிலுக்கு அடியில் அலைநீர் ஓடும்போது வரும் சத்தத்தையும் நம்பாதீர்கள். நீர் வடியட்டும், மறுபடி வீசிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே இடத்தில் ஒலித்தால் தோண்டலாம்.

தோண்டும்போது ஒரு எச்சரிக்கை. செங்குத்து வெட்டின் அடியைக் குடைந்து தோண்டவே கூடாது. ஈரம் காயும்போது அந்தச் சுவர் எச்சரிக்கை இல்லாமல் சரியும். ஆள் உயர மணல் மேலே விழுந்தால் மீள்வது கடினம். மணல் பெரிதாக அரிக்கப்பட்ட கரைகளில் பழைய போர்க்கால வெடிபொருள்கள் வெளிவருவதும் உண்டு. துருப்பிடித்த உருளை வடிவப் பொருள் எது தெரிந்தாலும் தொடாமல் விலகிப் போய்க் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். புயல் அடித்துக்கொண்டிருக்கும்போது நீரோரம் போக வேண்டாம். அந்த அலைக்கு நம் எடை ஒரு பொருட்டே இல்லை.

எடுத்த குழியை உடனே மூடிவிடுங்கள். அடுத்த அலை மூடிக்கொள்ளும் என்று விட்டுவிட்டால், அலை வருவதற்குள் இருட்டில் ஓடிவரும் குழந்தையின் கால் அதில் மாட்டக்கூடும். கிளம்பும்போது மறக்காமல் அந்தப் படிக்கட்டின் முன் நின்று இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே தேதி, எத்தனை படி தெரிந்தது, ஈயம் எத்தனை, அலுமினியம் எத்தனை என்று இரண்டு வரி எழுதி வைத்தால் போதும்.